வேலைக்குப் போனபின் குரைக்கும் சின்ன நாய்: ரொறன்ரோவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

வேலை கிடைத்து, ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்ட் எடுத்து, கொஞ்சம் மூச்சு விட்டதும் பலருக்கு நாய் ஆசை வந்துவிடுகிறது. ஷிட்ஸு, பொமரேனியன், சிவாவா என்று கையில் தூக்கிக்கொண்டு திரியலாம் போன்ற ஒன்று. சின்ன நாய்தானே, ஒரு மூலையில் கிடக்கும் என்று நினைப்பார்கள். ஊரில் நாய் முற்றத்தில் நின்று குரைத்தால் கள்ளனுக்குப் பயம் இருக்கும் என்று வீட்டாருக்கு நிம்மதி. இங்கே மெல்லிய சுவருக்கு அந்தப் பக்கம், இரவு வேலை முடித்து வந்த ஒருவர் பகலில் நித்திரை கொள்ள முயன்றுகொண்டிருக்கிறார்.

"உங்கட நாய் நாள் முழுக்கக் குரைக்குது" என்று யாராவது சொன்னால் சண்டைக்கும் போகவேண்டாம், உடனே நம்பியும் விடவேண்டாம். அது காலையில் அரை மணித்தியாலமா, பின்னேரம் வரைக்குமா என்பது உங்களுக்குத் தெரியாது. பழைய கைபேசி ஒன்றை அலுமாரியின் மேல் வைத்து வீடியோ எடுக்கவிட்டுப் போங்கள். இரண்டு கருவிகளுக்கு இடையில் வீடியோ அழைப்பைத் திறந்து வைத்தால் வேலையிடத்து இடைவேளையிலும் பார்க்கலாம். சில வேலைநாட்கள் பார்த்தால் காரணம் பிடிபடும். காரணம் தெரியாமல் வாங்கும் எந்தச் சாமானும் காசுக்குப் பிடித்த கேடுதான்.

நாய் யன்னலுக்கு ஓடுகிறது, குரைக்கிறது, பிறகு வந்து படுக்கிறது என்றால் வெளியில் யாரோ போகிறார்கள் என்று அர்த்தம். பேஸ்மென்ட் யன்னல் தரைமட்டத்தில் இருப்பதால் அதற்குத் தெரிவதெல்லாம் கால்களும் அணில்களும்தான். தபால்காரர் தினமும் வருகிறார், நாய் குரைக்கிறது, அவர் போய்விடுகிறார். தான் துரத்தியதால்தான் போனார் என்று நாய் நினைத்துக்கொள்ளும். அதனால் நாளைக்கு இன்னும் பலமாகக் குரைக்கும். இதற்கு வைத்தியம் மலிவு: ஹோம் டிப்போவில் கிடைக்கும் பனிபடர்ந்த மாதிரியான ஒட்டுத்தாளை யன்னலின் கீழ்ப்பாதியில் ஒட்டுங்கள். நாயின் படுக்கையை வாசலிலிருந்து தள்ளி உள்ளறைக்கு மாற்றுங்கள். மாடிக்குடியிருப்பு என்றால் நடைபாதைக் காலடிச் சத்தமும் லிஃப்ட் மணியும் கேட்கும். மின்விசிறியோ வானொலியோ ஓடிக்கொண்டிருந்தால் அவை அமுங்கும். அமேசான் பொதி வந்தால் மணி அடிக்கவேண்டாம் என்று விநியோகக் குறிப்பில் எழுதிவிடுங்கள்.

இடைக்கிடை எழும்பி, சும்மா நாலு தரம் குரைத்து, செருப்பைக் கடித்து, திரும்பப் படுக்கும் நாய்க்குப் பொழுது போகவில்லை. நீங்கள் போகமுதல் அதை நடக்கக் கூட்டிப்போங்கள். இழுத்துக்கொண்டு ஓடவேண்டாம், ஒவ்வொரு மரத்தடியாக முகர விடுங்கள். முகர்ந்து களைத்த நாய் வந்து படுக்கும். மாசியில் பனியை உருக்க நடைபாதையில் கொட்டும் உப்பு நாயின் பாதத்தை எரிக்கும், ஆகவே அதற்குக் காலுறை போடுங்கள் அல்லது வந்ததும் வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவுங்கள்.

புறப்படும்போது கொங் மாதிரி உள்ளே உணவு அடைக்கும் ரப்பர் பொம்மை ஒன்றைக் கொடுக்கலாம். உப்பில்லாத வெறும் தயிர்ச்சோற்றை அடைத்து முதல்நாள் இரவே உறைய வைத்தால் நக்கித் தீர்க்க நேரமெடுக்கும். ஆனால் எங்கள் குசினியில் இருந்து மிச்சக் கறியை மட்டும் போட்டுவிடாதீர்கள். வெங்காயமும் உள்ளியும் நாய்க்கு நஞ்சு, பாயாசத்தில் கிடக்கும் உலர்திராட்சையும் நஞ்சு. கடலை வெண்ணெய் வாங்கினால் போத்தலில் சைலிட்டால் என்ற இனிப்பூட்டியின் பெயர் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது நாய் இருக்கும் வீட்டுக்கே வேண்டாம். சமைத்த கோழி எலும்பு உடைந்து குத்தும்.

மூன்றாவது வகைதான் கஷ்டமானது. நீங்கள் கதவைப் பூட்டிய சில நிமிடங்களில் ஊளையும் குரைப்பும் தொடங்கும். அங்கும் இங்கும் நடக்கும், கதவைப் பிறாண்டும், வாயால் வீணீர் வடியும், வெளியே போகப் பழகிய நாய் உள்ளேயே சிறுநீர் கழிக்கும். அதற்கு மிகவும் பிடித்த தின்பண்டம் அப்படியே தொடாமல் கிடக்கும். இது குழப்படி இல்லை, தனிமைப் பயம். இப்படிப்பட்ட நாயைக் கூட்டில் அடைத்துவிட்டுப் போனால் பல்லையும் நகத்தையும் உடைத்துக்கொள்ளும்.

இந்தப் பயத்துக்குப் பயிற்சி உங்கள் குளிர்கால உடுப்பிலிருந்தே தொடங்குகிறது. ஜாக்கெட், தொப்பி, சப்பாத்து, திறப்புச் சத்தம் என்ற வரிசையை நாய் மனப்பாடம் செய்து வைத்திருக்கும். ஜாக்கெட் சிப்பை இழுக்கும்போதே நடுங்கத் தொடங்கும். அதனால் ஓய்வுநாளில் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு இருந்து தேத்தண்ணி குடியுங்கள். திறப்பை எடுத்துக் குலுக்கிவிட்டுத் திரும்ப வையுங்கள். நாய் அதைக் கவனிக்காமல் படுக்கும் நிலை வந்தபிறகு கதவைத் திறந்து மூடுங்கள். அடுத்தது வெளியில் போய் சில வினாடிகளில் திரும்பி வருவது. நாய் பதறமுன் வந்துவிடவேண்டும், அதுதான் முழுச் சூட்சுமமும். வினாடிகள் நிமிடமாகவும், நிமிடங்கள் அரை மணியாகவும் மெல்ல மெல்லக் கூடும். ஒருநாள் அவசரப்பட்டு நீட்டினால் பழையபடி தொடங்கவேண்டி வரும். போகும்போதும் வரும்போதும் கட்டிப்பிடித்துக் கொஞ்சுகிற நாடகத்தைக் குறையுங்கள். வாரக்கணக்கில் பிடிக்கும், சில நாய்களுக்கு மாதக்கணக்கிலும். அந்தக் காலம் முழுக்க, நீங்கள் வேலைக்குப் போகும் நேரத்தில் நாயுடன் யாராவது இருக்கவேண்டும். இல்லாவிட்டால் சனிக்கிழமை பழக்கியதைத் திங்கட்கிழமை கெடுத்துவிடும்.

யார் இருப்பது என்பதில்தான் புதிதாக வந்தவர்கள் மாட்டுப்படுகிறார்கள். ஏஜென்சி மூலம் கிடைக்கும் கிடங்கு வேலையில் 12 மணித்தியால ஷிப்ட்கூட இருக்கும். போக வர பஸ்ஸிலும் நேரம் போகும். அவ்வளவு நேரம் எந்த நாயையும் தனியே விடமுடியாது. வளர்ந்த நாய்க்கே நாலு, ஆறு மணித்தியாலம் போதும், குட்டிக்கு அதைவிடக் குறைவு. கணவனும் மனைவியும் வெவ்வேறு ஷிப்ட் எடுத்தால் நாய்க்கு அதிர்ஷ்டம். இல்லையென்றால் மத்தியானம் வந்து நடக்கக் கூட்டிப்போகும் ஆளுக்கோ, பகல் பராமரிப்பு நிலையத்துக்கோ காசு ஒதுக்கவேண்டும். மேல்வீட்டில் சூப்பர் விசாவில், அதாவது பிள்ளைகளோடு நீண்டநாள் தங்கும் விசாவில், வந்த அப்பம்மா ஒருவர் தனியே இருந்தால் அவரையும் கேட்டுப் பார்க்கலாம். பேச்சுத் துணைக்கு ஆளில்லாமல் இருப்பவர்களுக்கு நாய் பெரிய ஆறுதல். நாய்க்குப் பயந்தவர் என்றால் வற்புறுத்தவேண்டாம். பனி உறைந்த நடைபாதையில் அவரை நாயோடு அனுப்பவும் வேண்டாம், உள்ளே கூட இருந்தால் போதும். இந்தக் கணக்கு எதுவும் சரிவராது என்றால் நாயை இந்த வருடம் எடுக்காதீர்கள். கொஞ்சம் கடுமையாகத்தான் சொல்கிறேன்.

குரைத்தால் மின்சாரம் பாய்ச்சும், மணம் விசிறும் கழுத்துப்பட்டிகள் விற்கிறார்கள். பயத்தில் குரைக்கும் நாய்க்கு அது இன்னொரு பயம், அவ்வளவுதான். பயிற்சியாளர் என்று பலகை மாட்டுவதற்கு ஒன்ராறியோவில் உரிமம் தேவையில்லை. ஆகவே பரிசு கொடுத்துப் பழக்குபவரா, பட்டியை இழுத்துப் பழக்குபவரா என்று கேட்டுவிட்டே காசு கொடுங்கள். பயம் கடுமையாக இருந்தால் மிருகவைத்தியரிடம் வீடியோவைக் காட்டுங்கள். தனிமைப் பயத்துக்கு ஃப்ளூவோக்செட்டின், க்ளோமிப்ரமின் போன்ற மருந்துகளை அவர்கள் எழுதுவதுண்டு. அவை வேலை செய்யச் சில வாரங்கள் எடுக்கும், பயிற்சியும் கூடவே நடக்கவேண்டும்.

இனிச் சட்டம். ரொறன்ரோவில் நாய்க்கு நகராட்சி உரிமம் கட்டாயம். கருத்தடை செய்த நாய்க்குக் கட்டணம் குறைவு. மூன்று மாதம் தாண்டிய நாய்க்கு விசர்நோய்த் தடுப்பூசி மாகாணச் சட்டப்படி போட்டிருக்கவேண்டும். விடாமல் குரைப்பது நகரின் சத்தக் கட்டுப்பாட்டு விதிக்குள் வரும், அயலவர் நகராட்சியின் 311 என்ற தொலைபேசி எண்ணை அழைத்து முறையிடலாம். அவர் அழைக்கமுன் நீங்கள் போய்க் கதவைத் தட்டுவது நல்லது. "பழக்கிக்கொண்டிருக்கிறோம், எத்தனை மணிக்குக் குரைக்கிறது என்று எனக்கு ஒரு டெக்ஸ்ட் போடுங்கோ" என்று தொலைபேசி எண்ணைக் கொடுத்தால் பெரும்பாலானோர் பொறுத்துக்கொள்வார்கள்.

வாடகை விஷயத்தில் பலருக்குப் பாதிதான் தெரியும். ஒன்ராறியோவின் 2006-ஆம் ஆண்டு வாடகைக் குடியிருப்புச் சட்டத்தின் 14-ஆம் பிரிவுப்படி, ஒப்பந்தத்தில் "நாய் கூடாது" என்று எழுதியிருந்தாலும் அந்த வரி செல்லாது. ஆனால் வீட்டுச் சொந்தக்காரரோடு குசினியையோ குளியலறையையோ பகிர்ந்து ஓர் அறையில் இருக்கிறீர்கள் என்றால் இந்தச் சட்டமே உங்களுக்குப் பொருந்தாது. வந்த புதிதில் நம்மவர்கள் பலர் இருப்பது அப்படித்தான். கொண்டோவில், அதாவது ஒவ்வொரு வீட்டுக்கும் தனிச் சொந்தக்காரர் இருக்கும் மாடிக்கட்டடத்தில், கட்டட நிர்வாகத்தின் சொந்த விதி நாயைத் தடுக்கலாம், அது வாடகைக்கு இருப்பவரையும் கட்டுப்படுத்தும்.

நாய் இருப்பதற்காக வெளியேற்றமுடியாது என்றாலும், அதன் சத்தம் மற்றவர்களைப் பெரிதாகப் பாதித்தால் முடியும். அப்போது வருவது என்5 (N5) என்ற படிவம், வீட்டை விடச் சொல்லி வீட்டுக்காரர் கொடுக்கும் அறிவித்தல். முதல் என்5 கிடைத்தால் ஏழு நாட்களுக்குள் பிரச்சினையை நிறுத்தினால் அது இரத்தாகும். ஆறு மாதத்துக்குள் இரண்டாவது வந்தால் அந்த வாய்ப்பு இல்லை. அப்படியும் உங்களை வெளியேற்ற உத்தரவிடக்கூடியது வாடகை நடுவர் சபை மட்டும்தான், வீட்டுக்காரர் பூட்டை மாற்றமுடியாது. படிவம் கையில் கிடைத்த அன்றே வீடியோக்கள், நாய் பார்ப்பவரின் ரசீதுகள், அயலவருக்கு அனுப்பிய செய்திகள் எல்லாவற்றையும் திகதிவாரியாகச் சேர்த்து எடுத்துக்கொண்டு உங்கள் பகுதிச் சமூகச் சட்ட உதவி நிலையத்துக்குப் போங்கள். வருமானம் குறைந்தவர்களுக்கு அங்கே ஆலோசனை இலவசம்.