வீட்டில் திருட்டு போன பிறகு அலாரம் வைக்கலாமா? முதன்முறையாக யோசிப்பவர்களுக்குப் படிப்படியாக

மயிலாடுதுறையில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு இரண்டாம் நாள் காலை திருவையாறு பக்கம் இருக்கும் எங்கள் வீட்டுக்குத் திரும்பினோம். வாசலில் போட்ட பூட்டு போட்டபடி இருந்தது. ரேழியைத் தாண்டினால் கூடத்தில் இருக்கக் கூடாத வெளிச்சம். கொல்லைக் கதவு திறந்து கிடந்தது. பீரோவில் அடுக்கியிருந்த புடவைகள் அத்தனையும் தரையில். அம்மா முதலில் நகையைத் தேடவில்லை. அப்பாவின் பழைய கைக்கடிகாரம் இருக்கிறதா என்று பார்த்தாள். அது இருந்தது. நகையும் பணமும் போய்விட்டன.

மூன்றாம் நாளே அலாரம் விற்கும் தம்பி ஒருவர் விலைப்பட்டியலோடு வந்துவிட்டார். "இன்னைக்கே மாட்டிடலாம்மா, நிம்மதியா தூங்கலாம்" என்றார். அம்மா அன்றிருந்த நிலையில் எதற்கும் சரி என்று சொல்லியிருப்பாள். நான் பத்து நாள் அவகாசம் கேட்டேன். அந்தப் பத்து நாளில் எந்த வரிசையில் யோசித்தோம் என்பதை இங்கே எழுதுகிறேன். இதே நிலையில் இருக்கும் யாருக்காவது பயன்படட்டும்.

படி 1: எதையும் தொடாமல் புகார் கொடுங்கள்

மனசு கேட்காது, உடனே கூட்டிப் பெருக்கி எடுத்து வைக்கத் தோன்றும். செய்யாதீர்கள். பீரோ கைப்பிடி, கதவு, கீழே கிடக்கும் டப்பா எல்லாவற்றிலும் கைரேகை இருக்கலாம். 112-ஐ அழையுங்கள். காவலர்கள் வந்து பார்த்து முடிக்கும் வரை திண்ணையிலேயே உட்கார்ந்திருங்கள்.

மனு ரசீதோடு திரும்பி வந்துவிடாமல் முதல் தகவல் அறிக்கை பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள். புகார் கொடுத்தவருக்கு அதன் நகலை இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம். 2024 ஜூலை 1 முதல் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 380, 457 பிரிவுகள் இல்லை. அவற்றின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதாவின் 305, 331 பிரிவுகள் வந்திருக்கின்றன. அறிக்கையில் அவற்றைப் பார்த்தால் குழம்ப வேண்டாம்.

காப்பீடு இருந்தால் பத்திரத்தை ஒருமுறை வரி வரியாகப் படியுங்கள். வீட்டுக் கடனோடு பலர் எடுத்திருக்கும் பாரத் கிரஹ ரக்ஷா பாலிசி தீ, வெள்ளம், புயல் போன்றவற்றுக்கானது. அப்படி ஒரு பேரிடரைத் தொடர்ந்து 7 நாளுக்குள் நடக்கும் திருட்டுக்குத்தான் அதில் இடம் உண்டு. சாதாரண நாளில் கதவை உடைத்துத் திருடினால் அது கை கொடுக்காது. களவுக்குத் தனிக் காப்பீடு வேண்டும்.

படி 2: வந்த வழியை அன்றைக்கே அடையுங்கள்

அலாரத்துக்குப் பத்து நாள் காத்திருக்கலாம், இதற்கு ஒரு நாள் கூடக் கூடாது. ஒருமுறை திருட்டு நடந்த வீட்டிலோ அக்கம்பக்கத்திலோ அடுத்த சில வாரங்களுக்குள் மறுபடி நடக்க வாய்ப்பு அதிகம் என்று பல நாட்டுக் குற்றவியல் ஆய்வுகள் காட்டுகின்றன. வழியும் வீட்டின் அமைப்பும் வந்தவனுக்கு இப்போது அத்துப்படி.

எங்கள் கொல்லைக் கதவில் பெரிய பூட்டுதான் போட்டிருந்தோம். விசாரணைக்கு வந்த காவலர் அதைக் காட்டினார். பூட்டு பூட்டியபடியே, ஒரு கீறல் கூட இல்லாமல், கொண்டியோடு சேர்ந்து தரையில் கிடந்தது. கொண்டியைப் பிடித்திருந்தவை முக்கால் அங்குலத் திருகாணிகள் நான்கு. மழையில் ஊறி ஊறி மெத்தென்று ஆகியிருந்த கட்டையிலிருந்து அவை மொத்தமாகப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டன. ஒரு கடப்பாரை, ஒரே நெம்பு. நாங்கள் காசு கொடுத்ததெல்லாம் பூட்டுக்கு, திருடன் கை வைத்தது திருகாணியில்.

அன்று மாலையே ஆசாரி வந்தார். ஊறிய கட்டையை வெட்டி எடுத்துப் புதுக் கட்டை பதித்தார். கதவை ஊடுருவி உள்பக்கம் நட்டு முடுக்கும் போல்ட்டில் கொண்டியை மாட்டினார். உள்ளே குறுக்குக் கட்டை ஒன்றும் போட்டார். வாசலுக்குக் கதவுக்குள்ளேயே பதிக்கும் பூட்டு வாங்கினோம். வெளியே தொங்கும் பூட்டு, வீட்டில் ஆளில்லை என்று தெருவுக்கே சொல்லிவிடும்.

முற்றம் உள்ள வீடாக இருந்தால் அதன் மேல் இரும்புக் கிராதி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அலாரத்துக்கு ஒதுக்கும் பணத்தை முதலில் அதற்குச் செலவழியுங்கள் என்பதுதான் என் உறுதியான கருத்து.

படி 3: எந்த மாதத்தில் என்ன இருக்கிறது?

அலாரம் எதைக் காக்கப் போகிறது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள், மாதவாரியாக. குறுவைக்கு நாற்று விடும்போது கூட்டுறவு வங்கிக்கு அடகு போகும் நகை, தை அறுவடைக்குப் பிறகுதான் பல வீடுகளுக்குத் திரும்பி வருகிறது. அதையடுத்துக் கல்யாண மாதங்கள், குலதெய்வம் கோயில் பயணம். நகை வீட்டிலும் ஆட்கள் வெளியூரிலுமாக இருப்பது அந்தச் சில வாரங்கள்தான்.

அந்த வாரங்களுக்கு வங்கி லாக்கர் போதுமா என்று முதலில் யோசியுங்கள். ரிசர்வ் வங்கியின் 2022 ஜனவரி முதலான விதிப்படி, லாக்கரில் திருட்டோ தீயோ நடந்தால் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையைப் போல் 100 மடங்கு வரை. வாடகை 2,000 ரூபாய் என்றால் 2 லட்சம். வைத்திருக்கும் நகையின் மதிப்பு அதைவிட அதிகமாக இருக்கலாம். ஆனாலும் கொல்லைப்பக்கம் ஆற்றங்கரை இருக்கும் வீட்டு பீரோவைவிட லாக்கரைத்தான் நான் நம்புவேன்.

வயதானவர் தனியாக இருக்கும் வீட்டில் கணக்கே வேறு. அங்கே காக்க வேண்டியது ஆளை. எங்கள் முடிவு கடைசியில் இதில்தான் வந்து நின்றது.

படி 4: சைரன் அடித்தால் யார் வருவார்கள்?

விலைப்பட்டியலில் இந்தக் கேள்வி இருக்காது. அலாரம் திருடனைப் பிடிக்காது. சத்தம் போடும், போன் அடிக்கும். அதைக் கேட்டு ஒருவர் விளக்கைப் போட்டுக் குரல் கொடுத்தால்தான் அது வேலை செய்ததாக அர்த்தம்.

எங்கள் தெருவில் எங்கள் வீடு போக எட்டு வீடு. அதில் ஐந்து பூட்டிக் கிடக்கின்றன, பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும். மீதி வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு ஓர் இரவு பத்து மணிக்குச் சோதித்தோம். நான் கொல்லையில் நின்று பித்தளைத் தாம்பாளத்தைக் கரண்டியால் ஓங்கி அடித்தேன். பக்கத்து வீட்டு அத்தை உடனே விளக்கைப் போட்டார். மூன்றாம் வீட்டில் ஏசி ஓடியது, எதுவும் கேட்கவில்லை. எதிர் வீட்டில் டிவி ஓடியும் லேசாகக் கேட்டதாம்.

தாம்பாளத்தைவிட சைரன் பலமானதுதான். ஆனால் பெட்டியில் போட்டிருக்கும் 110 டெசிபல் என்பது வழக்கமாக ஒரு மீட்டர் தூரத்தில் அளந்தது. தூரம் இரட்டிப்பாக ஆக ஒவ்வொரு முறையும் 6 டெசிபல் குறையும். 64 மீட்டர் தள்ளிப் போனால் திறந்தவெளியிலேயே 74 தான் மிஞ்சும். அதற்கப்புறம் சுவர், சாத்திய ஜன்னல், மின்விசிறிச் சத்தம், தகரக் கொட்டகை மேல் விழும் மழை.

போன் அழைப்புக்கும் இதே யோசனைதான். பிள்ளை வெளிநாட்டில் இருக்கிறான், அவன் எண்ணைப் போட்டுவிடலாம் என்பார்கள். இங்கே இரவு 2 மணி என்றால் சிங்கப்பூரில் விடியற்காலை 4.30, துபாயில் இரவு 12.30, இரண்டு இடத்திலும் தூங்கும் நேரம். விழித்துப் பார்த்தாலும் அங்கிருந்து 112-ஐ அழுத்தினால் அந்தந்த நாட்டு அவசர எண்ணுக்குத்தான் போகும், நம் ஊருக்கு வராது. அதனால் உங்கள் காவல் நிலையத்தின் தரைவழி எண்ணை நாட்டுக் குறியீடு, ஊர்க் குறியீடு சேர்த்துப் பிள்ளையின் போனில் இப்போதே சேமித்துக் கொடுங்கள். பட்டியலில் முதல் எண் மட்டும் நடந்து வரக்கூடிய தூரத்தில் இருப்பவருடையதாக இருக்கட்டும்.

அப்படி வருபவரிடம் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லிவையுங்கள். வீட்டுக்குள் போகக் கூடாது, யாரையும் மறிக்கக் கூடாது. விளக்கைப் போட்டு, சத்தம் போட்டு, 112-ஐ அழைத்தால் போதும். நம் நகைக்காக இன்னொருவர் வெட்டுப்படக் கூடாது.

கேட்கவும் ஆளில்லை, வரவும் ஆளில்லை என்று சோதனையில் தெரிந்தால் அலாரத்தை மறந்துவிடுங்கள். கதவு, கிராதி, லாக்கர் மூன்றுக்கும் பணத்தைப் போடுங்கள். ஊருக்குப் போகும்போது காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனால் ரோந்தில் அந்த வீட்டையும் பார்க்கச் சொல்லலாம்.

படி 5: உங்கள் வீட்டுக்கு எந்தக் கருவி ஒத்துவரும்?

தொடங்குபவர்கள் இரண்டு கருவிகளைத் தெரிந்துகொண்டால் போதும். ஒன்று, கதவுக் காந்தம். கதவில் ஒரு காந்தத் துண்டு, நிலையில் ஒரு சிறு ஸ்விட்ச். இரண்டும் விலகினால் அலாரம். எளிமையானது, அதிகம் ஏமாற்றாது. இரட்டைக் கதவாக இருந்தால் இரண்டு பலகையிலும் தனித்தனியாக வேண்டும். இரும்புக் கதவு என்றால் காந்தத்தின் வீச்சு குறைந்துவிடும், அதற்கென்று பெரிய அளவில் வருவதைக் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று, அசைவு உணரி. அது உடம்புச் சூட்டை வைத்து வேலை செய்கிறது. சுற்றியிருக்கும் சூட்டிலிருந்து வேறுபட்ட ஒரு சூடு நகர்ந்தால் பிடித்துக்கொள்ளும். பழைய டெல்டா வீடுகளில் இதற்கு இரண்டு சிக்கல். முற்றத்தைப் பார்த்த மாதிரி கூடத்தில் மாட்டினால் பூனை, காக்கை, வௌவால், சாயங்கால வெயில் எல்லாமே திருடன்தான். அதன் மேலேயே பல்லி ஊர்ந்தாலும் அடிக்கும். அக்னி நட்சத்திரத்தில் பூட்டிய அறை 37 டிகிரியை நெருங்கும்போது மனித உடம்புக்கும் சுவருக்கும் வித்தியாசம் தெரியாமல் அதன் கூர்மை குறைந்துபோகும். பீரோ இருக்கும் மூடிய அறையில், ஏழு எட்டு அடி உயரத்தில், ஜன்னலைப் பார்க்காமல் மாட்டினால் நன்றாக உழைக்கும். ஓட்டு வீட்டில் ஓட்டைப் பிரித்து இறங்குபவனைக் கதவுக் காந்தம் கண்டுகொள்ளாது, அந்த அறைக்கு அசைவு உணரிதான் வேண்டும்.

மின்சாரத்தை மறக்காதீர்கள். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையைக் கடந்தபோது வேதாரண்யம், பட்டுக்கோட்டைப் பக்கம் எத்தனை நாள் இருட்டில் கிடந்தோம் என்று நம் ஊரில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. உணரிகளை இணைத்து சைரனையும் போனையும் அடிக்கவிடும் அலாரப் பெட்டிக்குள் இருக்கும் சிறு பேட்டரி சில மணி நேரம்தான் தாங்கும். 12 வோல்ட், 7 ஆம்பியர் மணி பேட்டரியைத் தனியாக இணைக்க முடியுமா என்று கேளுங்கள். பெட்டி சும்மா இருக்கும்போது 100 மில்லி ஆம்பியர் இழுத்தால் கணக்குப்படி 70 மணி நேரம் வரும். நடைமுறையில் குறையும், ஆனாலும் இரண்டு இரவு தாங்கும்.

அடுத்தது, போன் அடிக்க அந்தப் பெட்டியில் போடும் சிம். விலை குறைந்த பெட்டிகள் பல 2ஜி மட்டுமே தெரிந்தவை. ஜியோவுக்கு 2ஜி கிடையாது, அந்த சிம்மை அவற்றில் போட்டால் பேசாது. 4ஜி பெட்டியாக வாங்குவது நல்லது. ரீசார்ஜ் தேதி தவறினாலும் அது ஊமைதான். பேச்சும் குறுஞ்செய்தியும் மட்டும் உள்ள பேக் போதும், டேட்டாவுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

படி 6: முடிவு

கேமரா நல்லதா அலாரம் நல்லதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். கேமரா நடந்ததைக் காட்டும், வழக்குக்கு உதவும். நடக்கும்போது எழுப்புவது அலாரம். பதிவுப் பெட்டியையே தூக்கிக்கொண்டு போவதும் உண்டு, கேமரா வைத்தால் அந்தப் பெட்டியை ஒளித்து வையுங்கள்.

எங்களுக்கு அத்தை பக்கத்தில் இருக்கிறார், அம்மா தனியாக இருக்கிறாள். அதனால் வைத்தோம். கொல்லைக் கதவில் இரண்டு காந்தம், ரேழிக் கதவில் இரண்டு, பீரோ அறையில் ஓர் அசைவு உணரி, அம்மாவின் கட்டிலருகே ஓர் அவசரப் பொத்தான், அத்தை வீட்டுப் பக்கச் சுவரில் சைரன். அந்தத் தம்பி முதலில் கொடுத்த பட்டியலில் இதைப்போல் இரண்டு மடங்கு இருந்தது. ஒவ்வொன்றுக்கும் "இது எந்தக் கதவுக்கு?" என்று கேட்டுக் கேட்டுக் கழித்தோம். அவரும் முகம் சுளிக்காமல் பதில் சொன்னார். எல்லாம் பத்தாயிரத்துக்குள் முடிந்தது.

படி 7: வைத்த பிறகு

தொழிற்சாலையில் போட்ட ரகசிய எண்ணை அன்றைக்கே மாற்றுங்கள். ரிமோட்டை அம்மா சாவிக்கொத்தில் கோத்து இடுப்பில் செருகிக்கொண்டாள், இப்போது அது எங்கே என்று தேடுவதே இல்லை. ஒவ்வொரு தமிழ் மாதப் பிறப்பன்றும் கொல்லைக் கதவைத் திறந்து ஒருமுறை அடிக்கவிடுகிறோம். போன் போகிறதா, அத்தைக்குக் கேட்கிறதா, மின்சாரத்தை நிறுத்தினாலும் ஓடுகிறதா என்று பார்க்கிறோம். பேட்டரி மாட்டிய தேதியைப் பெட்டி மேலேயே எழுதி ஒட்டியிருக்கிறோம்.

ஐப்பசி அடைமழையில் ஓர் இரவு மூன்று மணிக்குத் தானாக அடித்தது. அத்தை கொட்டும் மழையில் டார்ச்சோடு வாசலில் நின்று "மதினி, மதினி" என்று கத்தினார். உள்ளே வரவில்லை, சொல்லிவைத்தபடியே. யாரும் இல்லை. ஈரத்தில் கதவு உப்பி, சரியாகச் சாத்தாமல், காந்தம் விலகியிருந்தது. மறுநாள் ஆசாரி வந்து விளிம்பை இழைத்துக் கொடுத்தார். காந்தத்தை ஸ்விட்சுக்கு இன்னும் நெருக்கி மாட்டினோம். கார்த்திகை முழுக்க மழை பெய்தும் அது பிறகு வீணாக அடிக்கவில்லை.