டிரக் மாற்றும் முன் கதவைத் திறந்து ஸ்டிக்கரைப் படியுங்கள்

அமெரிக்காவில் அரை டன் டிரக், அதாவது எஃப்-150, ராம் 1500 மாதிரி ஒன்றை வைத்துக்கொண்டு டிராவல் டிரெய்லர் (பின்னால் மாட்டி இழுக்கும் நடமாடும் வீடு) இழுக்கிறீர்கள். பதினெட்டுச் சக்கர லாரி தாண்டிப் போகும்போதெல்லாம் வண்டி ஆடுகிறது, பின்பக்கம் தாழ்ந்து கிடக்கிறது. பெரிய டிரக் வாங்கலாம் என்று தோன்றும். சரி, ஆனால் ஷோரூமுக்குப் போவதற்கு முன் ஒரு கணக்குப் போட்டுவிடுங்கள்.

விளம்பரத்தில் 11,000 பவுண்டு இழுக்கும் என்று போட்டிருப்பதை மறந்துவிடுங்கள். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் மஞ்சள் வெள்ளை ஸ்டிக்கர் ஒன்று இருக்கும். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக்கூடாது என்று சொல்லும் எண் அதில் இருக்கிறது. அதுதான் பேலோடு. பெரும்பாலும் முதலில் தீர்ந்துபோவது அதுதான், இன்ஜினின் பலம் அல்ல.

உதாரணமாக, டிரெய்லரின் அதிகபட்ச எடை 7,600 பவுண்டு என்று வையுங்கள் (காலி எடையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள், யாரும் காலியாக முகாமுக்குப் போவதில்லை). அதில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியின் வழியாக டிரக்கின் மேல் இறங்கும். 13 சதவீதம் என்றால் 990 பவுண்டு. நான்கு பேர் குடும்பம் 600, எடை பகிரும் ஹிட்ச் (கொக்கியில் இறங்கும் பாரத்தை மற்ற அச்சுகளுக்கும் பிரித்துக் கொடுக்கும் இணைப்பு) 100, விறகு, ஜெனரேட்டர், சைக்கிள் எல்லாம் 200. ஆக 1,890. ஸ்டிக்கரில் 1,500 என்று இருந்தால் வண்டி ஆடாமல் என்ன செய்யும்?

கணக்கை நம்பாவிட்டால் எடை போட்டே பார்க்கலாம். நெடுஞ்சாலை டிரக் ஸ்டாப்களில் கேட் (CAT) ஸ்கேல் என்ற எடைமேடை உண்டு, முன் அச்சு, பின் அச்சு, டிரெய்லர் என்று தனித்தனியாகக் காட்டும். டிரெய்லரை மாட்டி, ஹிட்ச்சில் பாரத்தைப் பகிரும் ஸ்பிரிங் பார்களைக் கழற்றிவிட்டு ஒருமுறை, பிறகு டிரெய்லர் இல்லாமல் அதே ஆட்களோடு ஒருமுறை. இரண்டு தடவையும் டிரக்கின் இரண்டு அச்சுகளைக் கூட்டுங்கள், வித்தியாசம்தான் கொக்கியின் உண்மையான பாரம்.

இப்போது அடுத்த அளவான முக்கால் டன் டிரக்குகள். எஃப்-250, ராம் 2500, சில்வராடோ 2500. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள், நானும் ஏமாற இருந்தேன். டீசல் இன்ஜின் பெட்ரோல் இன்ஜினைவிடப் பல நூறு பவுண்டு கனம், அந்தக் கனம் பெரும்பாலும் உங்கள் பேலோடிலிருந்துதான் கழியும். எல்லா வசதியும் வைத்த டீசல் முக்கால் டன் ஒன்றின் கதவைத் திறந்து பார்த்தேன், பேலோடு 2,000-ஐ ஒட்டித்தான் இருந்தது. அதே விலைக்குப் பெட்ரோல் வண்டியோ, பின்னால் பக்கத்துக்கு ஒரே சக்கரம் உள்ள ஒரு டன் வண்டியோ இன்னும் தாராளமாகச் சுமக்கும். ஒவ்வொரு வண்டிக்கும் எண் மாறும் என்பதால், வாங்கப்போகிற அதே வண்டியின் ஸ்டிக்கரைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். விற்பனையாள் வாயால் சொல்வது கணக்கில் சேராது.

அப்படியானால் டீசலே வேண்டாமா? மலையில் ஓட்டுகிறவர்களுக்கு வேண்டும். கொலராடோவில் ஐ-70 சாலையில் ஐசனோவர் சுரங்கம் 11,000 அடிக்கும் மேலே இருக்கிறது. அந்த உயரத்தில் டர்போ (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) இல்லாத பெட்ரோல் இன்ஜின் காற்றில்லாமல் திணறும், டர்போ டீசல் அவ்வளவாக அலட்டிக்கொள்ளாது. இறங்கும்போது எக்ஸாஸ்ட் பிரேக் (புகை வெளியேறுவதைத் தடுத்து இன்ஜினாலேயே வேகத்தைக் குறைக்கும் அமைப்பு) வண்டி வேகமெடுக்காமல் பிடித்து வைப்பது இன்னொரு பெரிய நிம்மதி. சமவெளியில் வருடத்துக்கு நாலு தடவை போகிறவருக்குப் பெட்ரோலே போதும் என்பது என் கருத்து.

வாங்கியபின் பழைய ஹிட்ச்சை அப்படியே மாட்டாதீர்கள். டிரக் உயரம் என்பதால் இன்னும் கீழே இறங்கும் ஷாங்க் (ஹிட்ச்சைத் தாங்கும் கம்பி) தேவைப்படும், அது நுழையும் சதுரக் குழாயான ரிசீவர் இரண்டரை அங்குலமாக இருந்தால் அதற்கேற்ற ஷாங்க் வாங்கிக்கொள்ளுங்கள். எடை பகிரும் அமைப்பையும் முதலிலிருந்து அளந்து சரிசெய்யுங்கள்.

அப்புறம், கராஜை டேப் வைத்து அளந்து பாருங்கள். நான்கு கதவு க்ரூ கேப் முக்கால் டன் 20 அடியை ஒட்டியோ தாண்டியோ இருக்கும். நான் அளக்கவில்லை, எங்கள் டிரக் இப்போது வாசலில்தான் நிற்கிறது.