நெளிந்த தாளை நிமிர்த்தாதீர்கள்: நான்சி ஸ்பெரோவை முன்வைத்து சில தவறுகள்

காகித ஓவியங்களுக்கு மவுண்ட் செய்து ஃபிரேம் போடுவது என் தொழில். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் எல்லாரும் சொல்லிவைத்தாற்போல் அதே தவறுகளைச் செய்கிறார்கள். ஈரக் கையால் தொடாதே, வெயில் படும் சுவரில் மாட்டாதே என்பதையெல்லாம் முதல் நாளே சொல்லிவிடுகிறோம், இங்கே விட்டுவிடுகிறேன். மற்றதை விளக்க, அமெரிக்கப் பெண்ணிய ஓவியர் நான்சி ஸ்பெரோவின் (1926–2009) படைப்புகளை எடுத்துக்கொள்கிறேன். காகிதத்தைப் புரிந்துகொள்ள எனக்குத் தெரிந்து அவரைவிட நல்ல ஆசான் இல்லை.

நெளிவைச் சரிசெய்வது

1964ல் ஸ்பெரோ கணவரோடும் மூன்று மகன்களோடும் பாரிஸிலிருந்து நியூயார்க்குக்கு வந்தார். வியட்நாம் போர் தொலைக்காட்சி வழியாக வீடுகளுக்குள் வந்துகொண்டிருந்த காலம். எண்ணெய் வண்ணமும் கேன்வாஸும் ஆண்கள் கட்டிக்காத்த மரபு என்று ஒதுக்கிவிட்டு, 1966லிருந்து 1970 வரை கோவாஷும் (தண்ணீரில் கரைத்துத் தீட்டும், அடிப்பரப்பை மறைக்கும் வண்ணம்) மையும் கொண்டு காகிதத்தில் போர் ஓவியங்களை வரைந்தார். வெடித்தெழும் புகையிலிருந்து தலைகள் நாக்கை நீட்டுகின்றன. ஹெலிகாப்டர்கள் ராட்சதப் பூச்சிகளாகப் பறக்கின்றன. வேகமாக வரைந்தார், எச்சில் தொட்டுத் தேய்த்தார். தேய்த்த தேய்ப்பில் சில இடங்களில் தாளே கிழிந்தது. அந்தக் கிழிசலும் தேய்மானமும்தான் அவருடைய கோபம். அதைச் சீர்செய்துவிட்டால் மிஞ்சுவது வெறும் உருவங்கள்தான்.

ஒருமுறை வேறோர் ஓவியரின் கோவாஷ் ஓவியம் எங்களிடம் வந்தது. அதற்கு முன் அதை வேறு கடையில் கொடுத்திருக்கிறார்கள். அங்கே வேலை பழகிக்கொண்டிருந்த பையன் தாள் நெளிந்திருப்பதைப் பார்த்துப் பின்பக்கம் தண்ணீர் தெளித்து, முன்பக்கம் ஒற்றுத்தாள் வைத்து, மேலே பலகை ஏற்றி இரவு முழுக்க விட்டுவிட்டான். காலையில் கறுப்பு வண்ணத்தில் பாதி ஒற்றுத்தாளில் இருந்தது. ஓவியத்தில் தங்கிய மீதியும் அமுங்கி, மங்கலாக இருக்க வேண்டிய பரப்பு திட்டுத்திட்டாகப் பளபளத்தது. கோவாஷில் நிறமியைப் பிடித்துவைப்பது வேல மரப் பிசின். காய்ந்து பல வருடம் ஆனாலும் தண்ணீர் பட்டால் இளகிவிடும். இது தெரியாமல் கை வைக்கலாமா? இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சலாக வருகிறது. போன வண்ணத்தை யாராலும் திரும்பக் கொண்டுவர முடியாது. அதைவிட, அந்தத் தாள் தட்டையாகத்தான் இருக்க வேண்டும் என்று அவனுக்கு யார் சொன்னார்கள்?

சரி, என்னதான் செய்வது? மேல் விளிம்பில் மட்டும் ஜப்பானியக் காகிதக் கீல்கள் (தாளைத் தாங்கும் சிறு ஒட்டுத்துண்டுகள்) வைத்து, மாவுச்சத்துப் பசையால் அமிலமில்லாத அட்டையில் தொங்கவிடுங்கள். ஃபிரேமை ஆழமாகப் போடுங்கள். தாள் நெளிந்தபடியே இருக்கட்டும். வண்ணம் உதிர்கிறது, பூஞ்சை பிடித்திருக்கிறது என்றால் நீங்கள் தொடவே வேண்டாம், காகிதப் பாதுகாப்பு பயின்றவரிடம் கொடுங்கள்.

கண்ணாடி தாளில் படுவது

கண்ணாடிக்குள் ஈரம் கோத்தால் கோவாஷ் அதில் ஒட்டிக்கொள்ளும். இடைவெளி விடுங்கள். உடையாது என்று அக்ரிலிக் போடுகிறவர்களும் கவனியுங்கள்: துடைக்கும்போது அதில் நிலைமின்சாரம் ஏறும், உதிரும் நிலையில் இருக்கும் வண்ணத்தை அது இழுத்துவிடும்.

செல்லோடேப்

வேண்டாம். ஒரு துண்டுகூட.

லேமினேஷன்

செய்தால் ஓவியம் போயிற்று.

முன்தயாரிப்பு என்று நினைப்பது

காகிதம் என்றாலே 'பெரிய ஓவியத்துக்கு முன் போட்டுப் பார்த்தது' என்று எழுதிவிடுகிறார்கள். ஸ்பெரோ காகிதத்துக்கு வந்த பிறகு கேன்வாஸுக்குத் திரும்பவே இல்லை.

வெற்றிடத்தை வெட்டுவது

'பெண்கள் மீதான சித்திரவதை' (1976) இப்போது கனடாவின் தேசிய ஓவியக் கூடத்தில் இருக்கிறது. 14 பகுதிகள், 20 அங்குல உயரம், 125 அடி நீளம். சித்திரவதைக்கு ஆளான பெண்களின் வாக்குமூலங்கள் தட்டச்சில் இருக்கின்றன, நடுநடுவே சிறு உருவங்கள். மற்ற இடமெல்லாம் வெறும் தாள். ஒரு வாக்குமூலத்தைப் படித்துவிட்டு அடுத்ததற்குப் போக அந்த வெறுமையைக் கடந்து நடந்தாக வேண்டும். ஆனால் படம் எடுக்கிறவர்கள் உருவத்தை மட்டும் நறுக்கி எடுக்கிறார்கள், மவுண்ட் (ஓவியத்தைச் சுற்றி வரும், நடுவில் திறப்புள்ள அட்டை) போடுகிறவர்களும் வெற்றுத்தாளை மறைத்துவிடுகிறார்கள். இந்த மாதிரி வேலை கைக்கு வந்தால், தாளின் நான்கு விளிம்பும் தெரியும்படி மவுண்டின் திறப்பை அகலமாக வெட்டுங்கள்.