கறுப்புக் கண்ணாடியும் காலி பேரலும்

2019 டிசம்பர் 26, கங்கண சூரிய கிரகணம். அன்று காலை பட்டறை ஷட்டரைத் தூக்கும்போதே நாலு பேர் நின்றார்கள். வெல்டிங் கண்ணாடி இரவல் வேண்டுமாம். கொடுக்கவில்லை, கோபித்துக்கொண்டு போனார்கள். எண் கூடக் கூடக் கண்ணாடியின் கறுப்பும் கூடும். கிரில் பட்டறைகளில் புழங்குவது பெரும்பாலும் 10, 11-ம் எண் கண்ணாடி. ஆர்க்குக்கு, அதாவது வெல்டிங்கில் எழும் மின்சுடருக்கு, அது சரி. சூரியனைப் பார்க்க 14-ம் எண் வேண்டும். வலித்தால் பார்வையைத் திருப்பிக்கொள்ளலாம் என்றும் இருக்க முடியாது, விழித்திரைக்கு வலி தெரியாது. தானாகக் கறுக்கும் ஹெல்மெட்டும் இதற்கு ஆகாது.

அடுத்தது பேரல். மாட்டுக்குத் தண்ணீர்த் தொட்டி, கோழி சுட அடுப்பு என்று காலி பேரலைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். "உள்ளே ஒண்ணுமில்லண்ணே, நல்லா காலி." அந்தக் காலிதான் பயம். தின்னரோ பெட்ரோலோ இருந்த பேரலில் திரவம் போனாலும் ஆவி தங்கும். காற்றோடு கலந்த அந்த ஆவிக்கு ஒரு பொறி போதும், மூடியே குண்டாகப் பறக்கும். ஒரு தடவை கழுவினால் போதும் என்பதும் தப்பு. மடிப்பில் ஒட்டியிருப்பது சூடு பட்டதும் மறுபடி ஆவியாகும். என்ன இருந்தது என்று தெரியாத பேரலை நான் தொடுவதே இல்லை.

ஜிஐ பைப்புக்கு வருகிறேன். துருப்பிடிக்காது, விலையும் கட்டுப்படி, அதனால் பந்தலுக்கும் கொடிக்கம்பத்துக்கும் அதைத்தான் கேட்பார்கள். இரும்புக் குழாய்மேல் துத்தநாகப் பூச்சு, அதுதான் ஜிஐ. இரும்பு உருக ஏறக்குறைய 1,500 டிகிரி வேண்டும். துத்தநாகம் 907 டிகிரியிலேயே கொதித்துவிடும். பற்றவைத்ததும் வெள்ளைப் புகை எழும்பி, பஞ்சு மாதிரி பக்கத்தில் படியும். அதை இழுத்தவருக்கு ராத்திரி குளிரும் காய்ச்சலும் வரும், வாயில் தகரம் கடித்த ருசி இருக்கும். மறுநாள் இறங்கிவிடுவதால் மழையில் நனைந்ததன் மேல் பழி போய்விடும். பால் குடித்தால் சரியாகும் என்று பட்டறைக்குப் பட்டறை சொல்வார்கள். நானும் வருஷக்கணக்கில் குடித்தேன். புகை போவது நுரையீரலுக்கு, பால் போவது வயிற்றுக்கு. சேரும் இடத்தில் இரண்டு பக்கமும் ஓர் அங்குலம் பூச்சைக் கிரைண்டரில் தேய்த்து எடுங்கள். பைப்பின் உள்பக்கம் கை எட்டாது, அதனால் திறந்த வெளியில், காற்று பக்கவாட்டில் வரும்படி நின்று ஒட்டுங்கள். தேய்த்த இடத்தில் பிறகு ஜிங்க் பெயின்ட் அடிக்காவிட்டால் முதல் மழைக்கே துரு கிளம்பும். கரி அடுப்புக்கு மட்டும் ஜிஐ கேட்காதீர்கள்.

வெல்டிங் வெளிச்சம் பட்டு, கண்ணில் மணல் கொட்டினாற்போல நள்ளிரவில் எரிவது வெல்டருக்கு மட்டும் வருவதல்ல. கேட்டைப் பிடித்துக்கொண்டு "நான் வேற பக்கம்தானே பார்த்தேன்" என்கிற வீட்டுக்காரருக்கும் வரும். கண்ணில் பால் விடுவது, உருளைக்கிழங்கு வைப்பது எல்லாம் கிருமியை அழைக்கும் வேலை. குளிர்ந்த துணியை மூடிய கண்மேல் போட்டுக்கொண்டு, விடிந்ததும் கண் டாக்டரிடம் போங்கள்.

போன மாதம் ஒருவர் கறி குத்திச் சுட புது வெல்டிங் ராடு பத்து கேட்டார். மேல்பூச்சில் மாங்கனீசு இருக்கிறது, வேண்டாம் என்றேன். "சுத்தியால தட்டி எடுத்துடலாம்ல?" என்றார். துணிக்கொடிக்குக் கொக்கி வளைக்க என்றால் தட்டிக்கொள்ளலாம். கறிக்கு மூங்கில் குச்சி இருக்கிறது.