கண்மாய்க் கரையில் சைக்கிள்: ராமநாதபுரம் பக்கம் வழி போடுவது எப்படி

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: கண்மாயைச் சுற்றி வர முடியாது. புதிதாக வருகிறவர்கள் மேப்பில் ஒரு கண்மாயைப் பார்த்து, அதைச் சுற்றி வட்டம் போட்டு, இத்தனை கிலோமீட்டர் என்று கணக்குப் பண்ணிக்கொண்டு வருகிறார்கள். பாதி வட்டத்துக்குப் பாதையே இருக்காது.

இங்கே நிலம் கடலைப் பார்த்து மெல்லச் சரிகிறது. சரிவில் வரும் தண்ணீரை மறிக்கக் கீழ்ப்புறம் மட்டும் பிறை மாதிரி வளைத்துக் கரை போட்டிருக்கிறார்கள். மேல்புறம் கரை கிடையாது, அது உள்வாய். தண்ணீர் வற்ற வற்ற அங்கே களிமண்ணும் கருவைக் காடும்தான் மிஞ்சும். அதனால் வழி என்றால் போக்குக்குக் கரை, திரும்புவதற்கு ஆயக்கட்டு, அதாவது கண்மாய்த் தண்ணீர் பாயும் வயல்கள் பக்கத்து ஊர்ச்சாலை. இப்படித்தான் போட வேண்டும்.

வழியை வரைவது

சாட்டிலைட் படத்தைத் திறந்து கரையைக் கண்டுபிடியுங்கள். ஒரு பக்கம் தண்ணீர் அல்லது கருவைப் பச்சை, மறுபக்கம் கட்டம் கட்டமாக வயல், நடுவே வெளிறிய கோடு. அதுதான் கரை. ஆப் தானாகப் போடும் வழியில் இது வராது. கையால் புள்ளி வைத்து வரைந்து, ஆஃப்லைனில் இறக்கிக்கொள்ளுங்கள்.

அடுத்து, கரைக்கோட்டில் மூன்றைக் குறியுங்கள். முதலாவது மடை, அதாவது கரையில் தண்ணீரைத் திறந்துவிடும் மதகு. அங்கிருந்து வயலுக்குக் கால்வாய் பிரியும்; அந்தக் கால்வாய் ஓரத்தில்தான் பெரும்பாலும் ஊருக்கு இறங்கும் வண்டிப்பாதை இருக்கும். கரை முடிகிற இடம் இரண்டாவது. மூன்றாவது கலுங்கு. பலரும் கோட்டைவிடுவது இதில்தான்.

கலுங்கு என்பது கரையில் கல்லால் கட்டிய தாழ்வான பகுதி. கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் அதன் மேல் வழிந்து மறுகாலில், அதாவது வெளியேறும் ஓடையில் ஓடும். மாசி, பங்குனியில் காய்ந்த கல்லாகக் கிடக்கும்; சைக்கிளைத் தூக்கிக்கொண்டு கடந்துவிடலாம். மழைக்காலத்தில் அதே இடத்தில் வழி துண்டாகிவிடும். தண்ணீர் கணுக்கால் அளவுதான் என்று இறங்காதீர்கள். கல் மேல் பாசி பிடித்திருக்கும், கீழே அடித்துப்போன பள்ளம் இருக்கும். ஆகவே ஒவ்வொரு கலுங்குக்கும் முன்னால் உள்ள கடைசி மடையை, இறங்கும் இடம் என்று மேப்பில் குறித்து வையுங்கள்.

கரையடி டீக்கடையில் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. "மறுகால் பாயுதாண்ணே?", "கரை மேல எக்ஸ்எல் வண்டி போகுமா?" இரண்டாவது கேள்வி முக்கியம். "சைக்கிள் போகுமா" என்று கேட்டால், சைக்கிள் எங்கேயும் போகுமே என்று நினைத்துப் போகும் என்பார்கள். டிவிஎஸ் எக்ஸ்எல் போகிற கரை என்றால் முள் வெட்டி, தடம் பதிந்திருக்கும்.

மாதமும் காற்றும்

தை, மாசிதான் சரியான காலம். வடகிழக்குப் பருவமழை முடிந்து கரை இறுகியிருக்கும், கண்மாயில் தண்ணீரும் பறவையும் இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் களிமண் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே அடைத்து சக்கரத்தையே நிறுத்திவிடும். சித்திரைக்குப் பிறகு வெயில், பேசவே வேண்டாம்.

தை, மாசியில் காற்று வடகிழக்கிலிருந்து வரும். விடியற்காலையில் மந்தமாக இருந்து, வெயில் ஏற ஏறப் பலக்கும். அதனால் காலையில் வடக்கு அல்லது கிழக்குப் பார்த்துப் போய், காற்றை முதுகில் வாங்கித் திரும்புங்கள். ஆடியில் தலைகீழ்: தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று, புழுதியோடு.

இரண்டு வழி

பழக்கத்துக்குச் சக்கரக்கோட்டை கண்மாய். ராமநாதபுரத்தை ஒட்டியே இருப்பதால் பாதியில் விட்டுத் திரும்பினாலும் நஷ்டமில்லை. அது பறவைகள் சரணாலயம், 2025இல் ராம்சர் எனும் உலக முக்கிய ஈரநிலங்களின் பட்டியலிலும் சேர்ந்தது. கரையில் ஏறும் முன் வனத்துறை ஆட்களிடம் கேட்டுவிடுங்கள். கூடு இருக்கும் மரங்களுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டாம், மணி அடிக்க வேண்டாம். தாய்ப்பறவை எழுந்து போனால் குஞ்சு வெயிலில் காயும், முட்டையைக் காக்கை கொத்தும். 2022இல் ராம்சர் தகுதி பெற்ற சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் பறவைகள் சரணாலயங்களுக்கும் இதே ஒழுக்கம்தான்.

கால் பழகிய பிறகு ராஜசிங்கமங்கலம். "நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடைக் கண்மாய்" என்று இந்தச் சீமையே சொல்லும் கண்மாய் அது. ராமநாதபுரத்திலிருந்து தேவிபட்டினம் சுமார் 15 கிலோமீட்டர். கடலுக்குள் நிற்கும் நவபாஷாணத்தை அங்கே பார்த்துவிட்டு வடக்கே ஏறலாம். மொத்தத்தில் போக மட்டும் 30 கிலோமீட்டருக்கு மேல், கரையில் ஓட்டுவது தனி. புதியவர்கள் முழுக்கரையையும் ஒரே நாளில் முடிக்கப் பார்க்காதீர்கள். நான்கைந்து மடை தாண்டி ஊருக்குள் இறங்கி, சாப்பிட்டுத் திரும்புங்கள். அறுவடை நாட்களில் சாலையில் நெல் காயும், பிறகு முண்டு மிளகாய். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய மிளகாய் அது. ஒருவரின் வருஷ உழைப்பு தரையில் கிடக்கிறது. இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள்.

முள்

இந்தப் பயணத்தைக் கெடுப்பது தூரமோ வெயிலோ அல்ல, சீமைக்கருவை முள்தான். வெட்டிப் போட்ட கிளை காய்ந்து உதிர்ந்தபின், முள் இரும்பு மாதிரி நிற்கும்.

டயர் 40 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். கரையில் காற்று 40 பிஎஸ்ஐ போதும் (70 கிலோ ஆளுக்குச் சொல்கிறேன், மூட்டை கட்டினால் கூட்டிக்கொள்ளுங்கள்). டியூபுக்குள் சீலண்ட் (ஓட்டையைத் தானாக அடைக்கும் திரவம்) ஊற்றுவதே என் சிபாரிசு. டயருக்கும் டியூபுக்கும் நடுவே வைக்கும் பட்டை எனக்குப் பிடிக்காது. அதன் ஓரமே உரசி உரசி டியூபை அறுக்கும். கூடவே இரண்டு மாற்று டியூப், உடைக்காத பஞ்சர் சொல்யூஷன் (ஒட்டுப்போடும் பசை) ஒன்று. ஒரு தடவை திறந்த சொல்யூஷன் இந்த வெயிலில் டப்பாவுக்குள்ளேயே காய்ந்துவிடும்.

பஞ்சர் ஆனால் டியூபை மாற்றியதும் காற்றடித்துவிடாதீர்கள். முள் டயருக்கு வெளியே ஒடிந்து, நுனி மட்டும் டயருக்குள் நின்றுகொண்டிருக்கும். புது டியூபும் அடுத்த கிலோமீட்டரில் போவது இதனால்தான். செய்ய வேண்டியது:

டியூபைக் கழற்றும் முன் வால்வு டயரில் எந்த இடத்தில் இருந்தது என்று குறியுங்கள். டியூபில் கொஞ்சம் காற்றடித்து, உதட்டுக்குப் பக்கத்தில் வைத்துச் சுற்றினால் ஓட்டை தெரியும். வால்விலிருந்து ஓட்டை எத்தனை சாண் என்று பார்த்து, டயரில் வால்வுக்கு இரண்டு பக்கமும் அதே தூரத்தில் தேடுங்கள், டியூப் புரண்டிருக்கலாம். பிறகு டயரின் உள்பக்கம் முழுக்கப் பழைய பருத்தித் துணியால் துடையுங்கள். முள் இருந்தால் நூல் மாட்டும். விரலால் தடவ வேண்டாம். டயரை வெளிப்பக்கமாக மடக்கி, நகவெட்டியாலோ சிறு இடுக்கியாலோ நுனியைப் பிடித்து உருவுங்கள். ஒன்று கிடைத்ததும் நிறுத்தாதீர்கள். கருவை முள் தனியாக வருவது அபூர்வம்.

ஒட்டுப்போடுவதை நிழலில், வீட்டுக்கு வந்து வைத்துக்கொள்ளலாம். சுடுகிற டயருக்குள் புது ஒட்டு சீக்கிரம் பெயரும்.

மற்றவை

தண்ணீர் ஆளுக்கு 3 லிட்டர். வழியில் பல ஊர்களில் நிலத்தடி நீர் உப்பு. அடிபம்பை நம்பிப் போகாதீர்கள். ஆட்டுக்கிடை கண்ணில் பட்டால் தூரத்திலேயே இறங்கிவிடுங்கள். காவல் நாய் ஓடுகிற சைக்கிளைத்தான் துரத்தும். உங்களுக்கும் நாய்க்கும் நடுவே சைக்கிளை வைத்து நடந்தால், கீதாரி (கிடை ஆட்டுக்காரர்) ஒரு சத்தம் போடுவார், நாய் திரும்பிவிடும்.

பின்னால் சேர்த்தது

பிரெஸ்டா வால்வு (சில சைக்கிள்களில் வரும் ஒல்லியான வால்வு) வைத்திருப்பவர்கள் கேட்டது: ஊர்ப் பஞ்சர் கடைகளில் பைக் வால்வுக்குத்தான் காற்றடிப்பார்கள். சிறு பித்தளை அடாப்டர் ஒன்றை வாங்கி, தொலையாமலிருக்க வால்விலேயே திருகி வையுங்கள்.

செயின் துருப் பிடிக்கிறது என்பதும் பலர் சொன்னது. தேவிபட்டினம் வழியாகப் போனால் உப்புக்காற்று படும். அன்றைக்கு ராத்திரியே நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, தையல் மெஷின் எண்ணெயை ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு விட்டு, மிச்சத்தைத் துணியால் எடுத்துவிடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம். புழுதியைப் பிடித்துக்கொள்ளும்.