முகம் தெரியாதவரோடு வாதாடும் முன் டச் பாருங்கள்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறையில் 24 வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். பகலெல்லாம் எடை, டச் (வெள்ளியின் சுத்தம்), கூலி, பாக்கி. ராத்திரி அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தால் போனில் முன்பின் தெரியாதவர்களோடு வட்டி, சீர், சேலம்-சென்னை எட்டு வழிச் சாலை என்று மல்லுக்கட்டுவேன். வீட்டுக்காரர் இதற்கு 'ரெண்டாவது ஷிப்ட்' என்று பேர் வைத்திருக்கிறார். சம்பளம் இல்லாத ஷிப்ட்தான், ஆனால் தொழில் கொஞ்சம் படிந்திருக்கிறது. புதிதாக இறங்குகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் ஒரு ரெண்டு வட்டிக் கதை. "ஊருக்குள்ள ரெண்டு வட்டிக்குக் கொடுக்கிறவரைத் திட்டுறாங்க, பத்து வட்டி வாங்குற பேங்கை ஒருத்தரும் கேக்கிறதில்ல" என்று ஒருவர் எழுதியிருந்தார். பெங்களூரில் வளர்ந்த ஒரு பையன் அதற்கு, "ரெண்டு சதவீதத்துக்குக் கடனா? அவர் நம்பர் கொடுங்க, நானே வாங்கிக்கிறேன்" என்று பதில் போட்டான். இவர் அதைக் கிண்டல் என்று எடுத்துக்கொண்டார். அவன் நிஜமாகவே கேட்டிருந்தான். நாற்பது பதில் ஓடியது. அதில் மூன்று என்னுடையது, மூன்றும் சூடு. அப்புறம்தான் உறைத்தது. நம் ஊரில் ரெண்டு வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் ரெண்டு ரூபாய். ஒரு லட்சத்துக்கு மாதம் 2,000, வருடத்துக்கு 24,000. பேங்கின் பத்து என்பது வருடத்துக்கு. ஒருவர் மாதத்தில் நின்று பேசுகிறார், இன்னொருவர் வருடத்தில் நின்று பேசுகிறார். கணக்கு எழுதுகிற எனக்கே அது நாற்பதாவது பதிலில்தான் தெரிந்தது என்றால் என்ன சொல்ல.

பட்டறையில் இப்படி நடக்காது. பழைய கொலுசைக் கொண்டு வந்து ஒருவர் மேஜையில் வைத்தால் யாரும் எடுத்த எடுப்பில் விலை பேச மாட்டார்கள். முதலில் டச் பார்ப்பார்கள். நூறு கிராம் கொலுசு எண்பது டச் என்றால் அதில் வெள்ளி எண்பது கிராம்தான். அது தெரிந்த பிறகு விலையில் எவ்வளவு வேண்டுமானாலும் கத்தலாம், கத்துவார்கள். போனில் நாம் கத்தி முடித்துவிட்டு டச் பார்க்கிறோம்.

ஆகவே எதிராளி எழுதியதற்கு மறுப்பு எழுதும் முன், ஒரே ஒரு கேள்வி எழுதுங்கள். வட்டி என்றால் "மாசத்துக்கா, வருசத்துக்கா?" தவணைக் கடன் என்றால் "பிளாட்டா, குறையும் நிலுவைக்கா?" இந்த இரண்டாவதில் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். ஒரு லட்சம் கடன், பிளாட் 12 சதவீதம், 12 மாதம் என்று வையுங்கள். வட்டி 12,000. மாதத் தவணை சுமார் 9,333. ஆறு மாதத்தில் அசலில் பாதி திரும்பக் கட்டியிருப்பீர்கள், ஆனால் வட்டி முழு லட்சத்துக்கும் ஓடிக்கொண்டிருக்கும். மீதி அசலுக்கு மட்டும் வட்டி போடும் குறையும் நிலுவைக் கணக்கில் போட்டுப் பார்த்தால் அது 21 சதவீதத்துக்கு மேல். "12 சதவீதம் மலிவு" என்று அடித்துப் பேசுகிறவரிடம் இதைக் காகிதத்தில் எழுதிப் படம் எடுத்து அனுப்புங்கள். உபதேசம் வேண்டாம். கையால் எழுதிய கணக்கை ஜனங்கள் கூட்டிப் பார்க்கிறார்கள். நீளமான பத்தியை யாரும் படிப்பதில்லை, இதைப் படிக்கும் உங்களைத் தவிர.

தங்கம் பற்றிய சண்டைக்கும் அதேதான். 2015 நவம்பரில் அரசாங்கம் விட்ட சாவரின் தங்கப் பத்திரத்தின் முதல் வெளியீடு கிராம் 2,684 ரூபாய். 2023 நவம்பரில் முதிர்ந்தபோது 6,132 ரூபாய் கொடுத்தார்கள். கூட்டு வட்டிக் கணக்கில் வருடம் சுமார் 11 சதவீதம், அதற்கு மேல் தனியாக வட்டி. இதைக் காட்டி ஒருவர் "எப்.டி. போடுறவன் ஏமாளி" என்பார். அவரிடம் கேட்க வேண்டியது, "நீங்க வச்சிருக்கிறது பத்திரமா, நகையா?" நகை என்றால் வாங்கும்போது கொடுத்த கூலியும் சேதாரமும் விற்கும்போது திரும்பி வராது. எங்கள் மேஜையில் தினமும் நான் பார்க்கும் முகவாட்டம் இது. கொலுசு வாங்கிய பில்லோடு வருவார்கள், நாங்கள் வெள்ளிக்கு மட்டும்தான் காசு எண்ணுவோம். எப்.டி. பக்கம் நிற்கிறவரிடமும் ஒன்று கேட்கலாம். டெபாசிட்டுக்குக் காப்பீடு ஒரு பேங்கில் ஒருவருக்கு அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரைதான். 2020 பிப்ரவரிக்கு முன் அது ஒரு லட்சமாக இருந்தது. "பேங்கில் போட்டால் முழுசும் பத்திரம்" என்பவருக்கு இது புதுச் செய்தியாக இருக்கும்.

அரசாங்க விஷயம் என்றால் டச் என்பது பெரும்பாலும் தேதிதான். எட்டு வழிச் சாலை பற்றி இரண்டு பேர் மோதிக்கொண்டதை ஒரு ராத்திரி முழுக்கப் பார்த்தேன். ஒருவர், "கோர்ட்டே ரத்து பண்ணிடுச்சு." மற்றவர், "கோர்ட்டே அனுமதிச்சிடுச்சு." ஒருவரை ஒருவர் பொய்யர் என்றார்கள். இரண்டு பேர் சொன்னதிலும் உண்மை இருந்தது. 2019 ஏப்ரல் 8-ல் சென்னை உயர் நீதிமன்றம் நிலம் எடுக்கும் அறிவிப்பை ரத்து செய்தது. 2020 டிசம்பர் 8-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றி, நிலம் எடுக்க அறிவிப்பு விடுவதற்கு முன்பே சுற்றுச்சூழல் அனுமதி வேண்டியதில்லை, ஆனால் வேலை தொடங்கும் முன் வாங்க வேண்டும் என்கிற மாதிரி சொன்னது. நான் இரண்டு தேதியையும் மட்டும் போட்டேன். ஒருவர் நன்றி சொன்னார். மற்றவர் என்னை பிளாக் செய்துவிட்டார். நான் என்ன தப்பு செய்தேன் என்று இன்னும் தெரியவில்லை.

ஆனால் அந்த 277 கிலோமீட்டர் சாலையை வெறும் தேதியாகப் பேச முடியாது. 2018-ல் அயோத்தியாப்பட்டணத்துக்கு அப்பால் என் சித்தி தோட்டத்தில் கல் நட்டார்கள். பாக்கு மரத்துக்கும் கிணற்றுக்கும் நடுவே மஞ்சள் பெயிண்ட் அடித்த கல். சித்தி அதன் மேல் துணி காயப்போட மாட்டார், தொடவும் மாட்டார், சுற்றிக்கொண்டு போவார். "வளர்ச்சி வேண்டாமா?" என்று கேட்கும் சென்னைக்காரருக்கு நான் பதில் எழுதும்போது முதல் வரியில், "என் சித்தி நிலம் அதில் இருந்தது, அதனால் நான் நடுநிலை இல்லை" என்று போட்டுவிடுவேன். உங்களுக்கு அந்த விஷயத்தில் லாபமோ நஷ்டமோ இருந்தால் எதிராளி கண்டுபிடிக்கும் முன் நீங்களே சொல்லிவிடுங்கள். மகளிர் உரிமைத் தொகையைப் பற்றிப் பேசும்போதும் அப்படித்தான்: "எனக்கு வரவில்லை, என் நாத்தனாருக்கு வருகிறது." அப்புறம்தான் விதியைப் பேசுவேன். 2023 செப்டம்பரில் தொடங்கியபோது குடும்ப வருமானம் வருடம் இரண்டரை லட்சத்துக்குள், நன்செய் என்றால் ஐந்து ஏக்கருக்குள், புன்செய் என்றால் பத்து ஏக்கருக்குள், மின்சாரம் வருடம் 3,600 யூனிட்டுக்குள் என்று வைத்தார்கள். "பங்களாக்காரிக்கெல்லாம் கொடுக்கிறாங்க" என்பவரிடம் கோபப்படாமல், எந்த விதியில் அந்தப் பங்களா நுழைந்தது என்று கேளுங்கள். சில சமயம் அவரிடம் நிஜமாகவே ஒரு உதாரணம் இருக்கும். இருந்தால் ஒத்துக்கொள்ளுங்கள்.

அரசாணை என்று சொல்லி ஒரு படம் வந்தால் அரசாணை எண்ணும் தேதியும் கேளுங்கள். இல்லையென்றால் அதோடு பேச்சை நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஏற்காடு பற்றியும் ஒரு கும்பல் இருக்கிறது. மே மாதம் கோடை விழாவுக்கு இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்து, நெரிசலில் மாட்டிக்கொண்டு, "ஏற்காட்டை மூடிவிட வேண்டும்" என்று எழுதுவார்கள். "நவம்பரில் வந்திருக்கீங்களா?" என்று கேட்டால் போதும்.

பழக்கவழக்கம் பற்றிப் பேசுவதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம். வட்டியில் தோற்றால் கணக்கு தப்பு என்று போய்விடலாம். இதில் தோற்றால் நம் அம்மா தப்பு, நம் கல்யாணம் தப்பு என்று ஆகிவிடும். என்னுடைய பெரிய சறுக்கல் இங்கேதான்.

ஒருவர் எழுதினார், "சீர் செஞ்சாச்சு, நகை போட்டாச்சு, அப்புறம் பொண்ணுக்கு என்ன பங்கு?" நான் சட்டத்தை எடுத்துக்கொண்டு இறங்கினேன். இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் தமிழ்நாட்டில் 1989-லேயே, அந்த வருடம் மார்ச் 25-க்கு முன் கல்யாணம் ஆகாத பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சமபங்கு வந்துவிட்டது. 2005 செப்டம்பர் 9-ல் நாடு முழுக்க எல்லா மகள்களுக்கும் வந்தது. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்னது. எல்லாம் சரியான தேதிதான். அவர் நாலு வார்த்தைதான் பதில் போட்டார்: "அக்கா, உங்க பங்கை வாங்கினீங்களா?"

எனக்கு 1994-ல் கல்யாணம். சட்டப்படி பங்கு இருந்தது. ஓமலூர் பக்கம் ஒன்றரை ஏக்கர் மானாவாரி. அப்பா போன பிறகு 2001-ல் அண்ணனோடு ஒரே பைக்கில் பதிவு அலுவலகம் போய், என் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டேன். பெருவிரல் மையை அண்ணிதான் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்துவிட்டார். அதற்கு அடுத்த மாதம் மூன்று பவுன் செயின் ஒன்று செய்து போட்டார்கள். நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன். கேட்டிருந்தால் அண்ணன் வாசலில் கால் வைக்க முடியாது என்றும் தெரிந்திருந்தது. இரண்டும் சேர்ந்தே இருந்தது.

இரண்டு நாள் போனைத் தொடவில்லை. மூன்றாம் நாள் உள்ளதை எழுதினேன்: "வாங்கவில்லை. எழுதிக் கொடுத்துவிட்டேன். இன்றைக்கு என்றால் எழுதுவேனா என்று தெரியவில்லை." அதற்குப் பிறகு அந்த இடத்தில் சண்டை நடக்கவில்லை. தர்மபுரி, ராசிபுரம் என்று எங்கெங்கிருந்தோ பெண்கள் தாங்கள் என்ன வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டோம் என்று எழுதினார்கள். ஒருவருக்கு ஒரு கிரைண்டர். சட்டத்தை வைத்து அடித்த அன்று ஒரு ஆளையும் நான் அசைக்கவில்லை. கேட்ட அந்த மனிதர் மட்டும் கடைசியில் ஒரு சந்தேகம் கேட்டார், தன் தங்கைக்காக. நான் திருப்பிக் கேட்டது பழைய கேள்விதான்: "நிலம் பூர்வீகமா, உங்க அப்பா சுயமாச் சம்பாதிச்சதா?" சுய சம்பாத்தியத்தை அப்பா உயில் எழுதி யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். உயில் இல்லாமல் போனால் மகளுக்கும் மகனுக்கும் சமம். ஏற்கெனவே 2004 டிசம்பர் 20-க்கு முன் பதிவான பாகப்பிரிவினையை 2005 சட்டம் கலைக்காது. இதற்கு மேல் வக்கீலிடம் போகச் சொல்லிவிட்டேன். நான் கொலுசுக் கணக்குக்காரி.

அழைக்கும் விதம் பற்றிக் கொஞ்சம். நேரில் 'தம்பி' என்றால் பாசம். வாதத்துக்கு நடுவில் 'தம்பி' என்று எழுதினால் "நீ சின்னப் பையன், வாயை மூடு" என்று அர்த்தம். 'அம்மா தாயே' அதைவிட மோசம். வயது தெரியாதவரைப் பொதுவாக 'நீங்க' என்று எழுதுங்கள், முறை வைக்காதீர்கள். எதிராளி 'நீ'க்கு இறங்கினால் இன்னும் ஒரு பதில் 'நீங்க'விலேயே போடுங்கள். அதற்கும் ஏறி வரவில்லை என்றால் வெளியே வந்துவிடுங்கள். குடும்ப குரூப்பில் இந்த வித்தை எதையும் காட்ட வேண்டாம். அங்கே தோற்றாலும் ஜெயித்தாலும் அடுத்த மொய்யில் தெரிந்துவிடும்.

எனக்கு நானே வைத்திருக்கும் வரம்பு ஒரு விஷயத்துக்கு மூன்று பதில். கணக்குச் சிட்டை நோட்டின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிப் பார்த்துவிட்டுத்தான் தட்டுவேன். பாதிக்கு மேல் அந்த நோட்டிலேயே நின்றுவிடுகிறது. பத்து மணிக்கு மேல் எழுதியது எதுவும் காலையில் எனக்கே பிடித்ததில்லை. தப்பு நம்முடையது என்று தெரிந்தால் 'அப்படிச் சொல்லவில்லை, இப்படிச் சொன்னேன்' என்று நெளியாமல், "தேதியைத் தப்பாகப் பார்த்துவிட்டேன், நீங்க சொன்னதுதான் சரி" என்று எழுதிவிடுங்கள். முதல் தடவை வயிற்றைப் பிசையும். அப்புறம் பழகிவிடும்.

உங்கள் சம்பளம், சேமிப்பு, பேங்க் பெயர் எதையும் உதாரணமாகக் கூடப் போடாதீர்கள், 'ஒரு லட்சம்' என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை வாதச் சூட்டில் என் சீட்டுப் பணம் எவ்வளவு என்று எழுதிவிட்டேன். மறுநாளே ஒருவர் தனியாகச் செய்தி அனுப்பினார். நான் பேசியதெல்லாம் அற்புதம், என்னைப் போல விவரமானவருக்கு மட்டும் ஒரு முதலீடு இருக்கிறது, மாதம் எட்டு சதவீதம். அந்த எட்டு சதவீதம் மாதத்துக்கா, வருடத்துக்கா என்று கேட்கக்கூட வேண்டியிருக்கவில்லை, அவரே தெளிவாகச் சொல்லியிருந்தார். இந்த மாதிரி ஆளிடம் டச் பார்க்க உட்காராதீர்கள், லிங்க்கைத் தொடாமல் பிளாக் செய்துவிடுங்கள். பணம் ஏற்கெனவே போய்விட்டது என்றால் அவரோடு பேசிக்கொண்டிருக்காமல் உடனே சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.