காணொளிக் குறிப்புகளில் யார் யாரோடு பேசினார்கள்: கணக்கிடும் முறை

பத்தமடைப் பாய் நெசவைப் பற்றி நாங்கள் எடுத்த காணொளியைப் பாளையங்கோட்டையில் என்னிடம் பயிலும் 12 மாணவர்கள் இணையத்தில் சேர்ந்து பார்த்து, அந்தந்த நொடிக்கு நேராகக் குறிப்பு எழுதினார்கள். அவர்களுக்குள் எவ்வளவு உரையாடல் நடந்தது என்று அறிய முதலில் குறிப்புகளை எண்ணினேன். அதில் உழைப்பு தெரிந்ததே தவிர உறவு தெரியவில்லை.

குறிப்புகளைச் சிஎஸ்வி கோப்பாக, அதாவது காற்புள்ளியால் பிரித்த அட்டவணையாக, இறக்கிக்கொள்ளுங்கள். எழுதியவர், யாருக்குப் பதில், காணொளியின் நொடி, எழுதிய தேதியும் நேரமும் என நான்கு நிரல்கள் வேண்டும். யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் சேமிக்காவிட்டால் தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாகிவிடும்.

அடுத்த படியில்தான் நான் இடறினேன். தாமிரபரணித் தண்ணீரில் ஊறிய கோரையைக் கத்தியால் கீறும் காட்சியில், "ஒரு கோரையை எத்தனையாகக் கீறுகிறார்?" என்று ஒரு மாணவி திங்களன்று கேட்டிருந்தார். அதே நொடியில் வியாழனன்று ஒரு மாணவர், "கத்தி பிடிக்கும் விதம் அருமை" என்று எழுதியிருந்தார். அருகருகே கிடந்ததால் இதை உரையாடல் என்றே கணக்கில் சேர்த்தேன். விசாரித்தபோது, அவர் அந்தக் கேள்வியைப் படிக்கவே இல்லை என்று தெரிந்தது. காணொளி நேரம் வேறு, எழுதிய நேரம் வேறு. ஆகவே பதில் பொத்தான் வழியாக எழுதியது, பெயர் சொல்லி விளித்தது, முந்தைய குறிப்பின் கருத்தை எடுத்து விடையளித்தது ஆகிய மூன்றை மட்டுமே ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குச் செல்லும் இணைப்பாகக் கொள்ளுங்கள். மூன்றாவது வகையில் கருத்து வேறுபாடு வரும் என்பதால், இருவர் தனித்தனியே குறித்து, பிறகு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இனி அடர்த்தி, அதாவது இருக்கக்கூடிய இணைப்புகளில் உண்மையில் இருப்பவற்றின் பங்கு. 12 பேருக்குள் திசையோடு 12×11=132 இணைப்புகள் இருக்க முடியும்; 33 இருந்தால் அடர்த்தி 0.25. அந்த 33இல் 12 இணைப்புகளுக்கு எதிர்த்திசையிலும் இணைப்பு இருந்தால் இருவழி விகிதம் 0.36. இந்த இரண்டாவது எண்ணையே நான் அதிகம் நம்புகிறேன், ஏனெனில் கேட்டவர் திரும்ப வந்து பேசினாரா என்பதை அதுவே சொல்கிறது. இவ்வளவுக்கு விரிதாளே போதும். படமாகப் பார்க்க விரும்பினால், இணைப்புகளை வலைப்பின்னலாக வரைந்து காட்டும் கெஃபி என்ற இலவச மென்பொருள் நல்ல கருவி; அதில் ஒவ்வொருவரும் ஒரு புள்ளி. கோப்பை ஏற்றும்போது 'டைரக்டட்' (திசையுள்ளது) என்பதைத் தேர்ந்தெடுக்காவிட்டால் திசை போய்விடும்.

பின்சேர்க்கை: தன் வகுப்பில் 12 பேர் இருக்க, படத்தில் 10 புள்ளிகளே வருவதாக ஓர் ஆசிரியை எழுதியிருந்தார். இணைப்புப் பட்டியலை மட்டும் ஏற்றினால், இணைப்பே இல்லாதவர்கள் படத்தில் வரமாட்டார்கள். எல்லாப் பெயர்களையும் தனிப் பட்டியலாக முதலில் ஏற்ற வேண்டும். அவ்வாறு நான் மீண்டும் செய்தபோது ஓரத்தில் ஒரு புள்ளி தனியாக வந்தது. அது 19 குறிப்புகள் எழுதிய மாணவருடையது. அவற்றில் ஒன்றுக்குக்கூட யாரும் பதில் எழுதியிருக்கவில்லை.